மேஸ்திரி இடுப்பில் மூன்றாம் நம்பர்

சித்திரை 20, ஞாயிறு

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு எழுத்து பானை அளவு இருக்கிறது, பக்கத்து எழுத்து சுண்டைக்காய் அளவு இருக்கிறது. வரி ஏறி இறங்கிப் போகிறது. அழுத்தி எழுதினால் தாள் கிழிகிறது. இது கல் உடைத்த கை. பேனா பிடித்தது போன ஆவணியில்தான்.

தினமும் ஏதாவது எழுதுங்கள் என்று மரகதம் டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தார். தான் வாசிக்க மாட்டாராம். ஞாயிறு வகுப்புக்கு வரும்போது பக்கம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாராம். நல்லதாகப் போயிற்று.

வகுப்பில் எல்லாரும் முதலில் தங்கள் பெயரை எழுதக் கற்றார்கள். நான் "துரைக்கண்ணு என்று எழுதச் சொல்லிக் கொடுங்கள்" என்றேன். "உங்க மகனா தாத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பெயரை எழுதி அடித்தேன். மறுபடி எழுதி அடித்தேன். எத்தனை சந்தோஷம்! படித்தவர்கள் இத்தனை நாள் இந்தச் சுகத்தை எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

என் பெயர் அடைக்கலம். அதை அப்புறம்தான் கற்றேன்.

சித்திரை 22, செவ்வாய்

குவாரிக்குப் புது போன் வந்திருக்கிறது. திருச்சியிலிருந்து செபாஸ்டின் சார் வந்து மாட்டுகிறார். வழுக்கைத் தலை, பெரிய தொந்தி, யாரையும் அதட்டாத மனிதர்.

எங்கள் பள்ளத்தில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. நாலு பக்கமும் பாறை. எடை மேடைக்கும் கிரஷருக்கும் ஆள் ஓடித்தான் தகவல் சொல்ல வேண்டும். அதனால் முதலாளி இந்த நெடுந்தூர போனை வாங்கியிருக்கிறார். எடை மேடை ஆபீசில் ஒரு பேஸ் பெட்டி. கூரைக்கு மேலே ஏரியல். கையில் வைத்துக்கொள்ள நாலு போன். ஒன்று எடை மேடைக்கு, இரண்டு கிரஷருக்கு, மூன்று மேஸ்திரிக்கு, நான்கு எனக்கு.

எனக்கு ஒரு போன்! வெடி வைக்கும் நாளில் ரோட்டில் வண்டியை மறித்து நிறுத்துகிற வேலை என்னுடையது. மேஸ்திரி குழியை விட்டு மேலே வந்ததும் "ரோடு காலி" என்று இனிமேல் அவரிடம் போனில் சொல்ல வேண்டுமாம்.

ஒவ்வொரு போனின் முதுகிலும் பெயர்ச் சீட்டு ஒட்ட வேண்டும் என்றார் சார். "என்னோடத நானே எழுதுறேன் சார்" என்றேன். டீ குடிக்கிற நேரம் முழுவதும் எடுத்துக்கொண்டு "ரோடு" என்று எழுதினேன். அவர் காத்திருந்தார். சிரிக்கவில்லை.

மூன்றாம் போனின் சீட்டில் "மேஸ்திரி" என்று அவரே எழுதி ஒட்டினார். அந்த மேஸ்திரிதான் துரைக்கண்ணு.

சித்திரை 23, புதன்

ஏரியல் நட்டார்கள். ஆபீஸ் கூரையின் உயரமான மூலையில் நடச் சொன்னான் துரைக்கண்ணு. அந்த மூலையை ஒட்டித்தான் கரண்டு கம்பி போகிறது.

"அங்க நட்டா, காத்துல சாயுறப்ப நேரா கரண்டுக் கம்பியில விழும் மேஸ்திரி. ஏரியலோட நீளத்தைவிட அதிகமா தள்ளி நடணும்" என்றார் சார்.

"என்ன சார், ஊதுபத்தி மாதிரி இருக்கு. இதுவா விழும்?"

"விழுந்தா ஊதுபத்தி மாதிரிதான் எரியும். நீங்களும் சேந்து."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். துரைக்கண்ணுவின் காது சிவந்தது. எனக்கு மத்தியானச் சோறு இரண்டு பங்கு இறங்கியது.

சித்திரை 24, வியாழன்

போன்களை ராத்திரி முழுக்கச் சார்ஜில் வைத்துவிட்டுக் காலையில் கொடுத்தார்கள். எதுவரை கேட்கிறது என்று பார்க்க, என்னைப் போனோடு குவாரி முழுக்க நடக்கச் சொன்னார் சார். பாறை விளிம்பில் நின்று ஹலோ என்றேன். கிரஷருக்குப் பின்னால் நின்று ஹலோ என்றேன். கருவேலங்காட்டுக்குள் போய் ஒன்றுக்கு இருந்துகொண்டே ஹலோ என்றேன். எல்லா இடத்திலும் "கேக்குது பெரியவரே" என்று பதில் வந்தது. இந்த வயதில் இப்படி ஒரு நாள்.

பிறகு எல்லாரையும் உட்கார வைத்து விதிகள் சொன்னார். அவர் கொடுத்த பேட்டரியைத் தவிர வேறு போடக் கூடாது. ஈரக் கையோடு சார்ஜில் வைக்கக் கூடாது. இடி மின்னல் வந்தால் பேஸ் பெட்டியின் பிளக்கையும் லைன் ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும். கடைசியாக ஒன்றை இரண்டு தடவை சொன்னார். வெடிமருந்தும் அதைக் கிளப்புகிற கரண்டு கேப்பும் வைத்த குழிப் பக்கம் இந்தப் போன் போகவே கூடாது. போன் காற்றில் அனுப்புகிற சக்தியே கேப்பைத் தட்டி வெடிக்கவைத்துவிடலாம்.

துரைக்கண்ணு அப்போது சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தான்.

சித்திரை 25, வெள்ளி

வெள்ளிக்கிழமை வேட்டு நாள். பள்ளத்துக்குள் இறங்குமுன் எல்லாரும் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் என் தகரப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். அது எங்கள் குவாரிப் பழக்கம். இன்றும் போட்டார்கள். கிரஷர்க்காரன் இரண்டாம் போனைத் தன் இடத்திலேயே வைத்துவிட்டான். துரைக்கண்ணு செல்போனைப் போட்டான். மூன்றாம் போன் இடுப்பில் தொங்கியது.

பெட்டியை நீட்டினேன். "மேஸ்திரி, அதையும் போடுங்க."

"யோவ் பெருசு, போர்டுல என்ன எழுதியிருக்கு? இப்பத்தான் படிக்கிறியாமே, படி பாப்போம்."

"செல்போன் கொண்டு செல்லக் கூடாது" என்று படித்தேன். சத்தமாக, தடங்கல் இல்லாமல்.

"இது செல்லா? சிம்மு இருக்கா இதுல? இது லைன் போனுய்யா. வீட்டுல வச்சிருக்குற போனு. எழுத்து தெரிஞ்சா மட்டும் போதுமா, வெவரம் வேணாமா?"

ஆட்கள் சிரித்தார்கள். டிரில் ஓட்டுகிற மூக்கன்கூடச் சிரித்தான்.

சரி. ஒரு தடவை சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

சித்திரை 27, ஞாயிறு

எழுத்துப் பயிற்சிக்குச் செபாஸ்டின் சார் கொடுத்த விதித் தாளைப் பார்த்து எழுதுகிறேன். எல்லா விதியையும் ஒரு தடவை எழுதினேன். கேப் பற்றிய விதியைப் பக்கம் முழுக்க எழுதினேன். அதில் நல்ல எழுத்துகள் நிறைய வருகின்றன.

துரைக்கண்ணு எனக்கு என்ன செய்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன். வாயால் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. தாள் கேட்கும்.

ஐந்து வருடத்துக்கு முன்பு கொடி காட்டுகிற வேலை என்னுடையது. பள்ளத்தில் ஆள் இருந்தால் சிவப்பு, காலியானால் பச்சை. என் கொடியைப் பார்த்துத்தான் துரைக்கண்ணு வெடிப் பெட்டியின் பொத்தானை அழுத்த வேண்டும். அன்று என் மருமகன் ராசு சட்டையை எடுக்க மறுபடி கீழே இறங்கினான். நான் சிவப்பைத்தான் பிடித்திருந்தேன். துரைக்கண்ணு அழுத்தினான். ராசுவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

"கெழவன் பச்சதான் காட்டுனான். கண்ணு மங்கிப்போச்சு, பாவம்" என்று சொல்லிவிட்டான். மற்றவர்கள் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்கள். கொடியைப் பார்த்தவர்கள் நானும் அவனும்தான்.

அதோடு விட்டானா? ஆஸ்பத்திரிக்கு இட்லி வாங்கிக்கொண்டு போனான். என் மகள் பஞ்சவர்ணத்துக்கு எடை மேடையில் வேலை வாங்கிக் கொடுத்தான். என்னையும் துரத்தாமல், இரக்கப்பட்டு ரோட்டு வேலைக்கு மாற்றினான். அவள் அவனை அண்ணே என்று கூப்பிடுகிறாள். என்னோடு பேசுவதில்லை. புருஷன் கையை எடுத்த அப்பனோடு எந்த மகள் பேசுவாள்?

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அவள் வாயால் ஒரு தடவை அப்பா என்று கேட்க வேண்டும். அதற்கு அவன் வாய் திறக்க வேண்டும். அவன் திறக்க மாட்டான். திறக்காவிட்டால் மூடிவிட வேண்டியதுதான்.

சித்திரை 29, செவ்வாய்

சாயங்காலம் இடி. எடை மேடையில் பஞ்சவர்ணம் தனியாக இருப்பாளே, பிளக்கைப் பிடுங்கினாளோ என்னவோ என்று ஒன்றாம் நம்பரை அழுத்தப் போனேன். மின்னலில் போன் பேசலாமா என்று அப்புறம்தான் உறைத்தது. ஓடினேன்.

ஆபீசில் ஒரு லாரி டிரைவர் மழைக்கு ஒதுங்கி நின்றான். நான் வாசலில் நனைந்து நின்று பிளக்கைப் பற்றிக் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு டிரைவரிடம் சொன்னாள்: "பிளக்க எப்பவோ எடுத்தாச்சு. போகச் சொல்லுங்க."

டிரைவர் என்னைப் பார்த்தான். "எடுத்தாச்சாம் பெரியவரே" என்றான், நான் காது கேளாதவன் மாதிரி.

வந்துவிட்டேன்.

வைகாசி 1, வெள்ளி

வேட்டு நாள். துரைக்கண்ணு இன்றும் போனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் இறங்கினான். நான் பெட்டியை நீட்டவில்லை. வணக்கம் வைத்தேன்.

என் கொட்டகை மேட்டில், ரோட்டு வளைவில் இருக்கிறது. ஒரு பக்கம் பள்ளம் தெரியும், மறு பக்கம் எடை மேடை தெரியும். குழியிலிருந்து நல்ல தூரம். என் போனால் அங்கே எதுவும் ஆகாது. கடைசியாக ஒயர்களைச் சேர்க்கிற வேளையில் மற்றவர்கள் எல்லாரும் விலகிவிடுவார்கள். பள்ளத்துக்குள் துரைக்கண்ணு மட்டும் குனிந்திருப்பான்.

மூன்றின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். பொத்தான் மெத்தென்று இருக்கிறது. அழுத்தினால் ஒரு சின்ன டொக்கு.

அப்போது மூக்கன் தூக்குச்சட்டியை மறந்துவிட்டேன் என்று திரும்பிக் கீழே இறங்கினான். விரலை எடுத்துவிட்டேன்.

தூக்குச்சட்டியில் புளிச்சோறு. எனக்கும் ஒரு கவளம் கொடுத்தான்.

வைகாசி 5, செவ்வாய்

கிரஷர் போனின் பேட்டரி நிற்கவில்லை என்று செபாஸ்டின் சார் வந்தார். என் கொட்டகையில் மோர் குடித்தார். சும்மா பேசிக்கொண்டிருந்தோம்.

"சார், ஒருத்தர கூப்புடுறோம். அவரு எடுக்கல. மணி மட்டும் அடிக்குது. அப்பவும் அந்தப் போனு காத்துல அனுப்புமா?"

"அனுப்பும் பெரியவரே. மணி அடிக்குறப்பவே அது பேஸுக்குப் பதில் சொல்லிக்கிட்டுதான் இருக்கும். எதுக்குக் கேக்குறீங்க?"

"படிக்கிறேன்ல. வெவரமா தெரிஞ்சுக்கலாம்னு."

"உங்கள மாதிரி எல்லாரும் கேட்டா எனக்கு வேலையே மிச்சம்" என்று தோளில் தட்டினார்.

நல்ல மனிதர்.

வைகாசி 7, வியாழன்

நாளை வெள்ளி. மழை வரும் போலில்லை. முகச் சவரம் செய்துகொண்டேன்.

வைகாசி 8, வெள்ளி

நாளை எழுதுகிறேன்.

வைகாசி 9, சனி

எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒன்றையும் விடமாட்டேன்.

மூக்கனும் மற்றவர்களும் மேலே ஏறிப் பாறை மறைவுக்குப் போனார்கள். நான் ரோட்டில் சங்கிலியைப் போட்டேன். "ரோடு காலி" என்பதை இன்னும் சொல்லவில்லை. துரைக்கண்ணு கீழே குந்தி ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் போன். தூக்குச்சட்டி மூக்கன் கையிலேயே இருந்ததையும் பார்த்துக்கொண்டேன்.

மூன்றின் மேல் விரல் வைத்தேன்.

எதற்கோ எடை மேடைப் பக்கம் கண் போயிற்று. வேட்டு நாளில் அந்த நேரத்தில் அங்கே லாரி இருக்காது. நேற்று ஒரு லாரி டயர் வெடித்து மேடை மேலேயே நின்றுவிட்டது. டிரைவர் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். மேஸ்திரியைக் கேட்டால்தான் அவன் லோடை இறக்குவதா அனுப்புவதா என்று தெரியும். பஞ்சவர்ணம் ஆபீஸ் படியில் வந்து நின்றாள். கையில் போன். குனிந்து நம்பரைப் பார்த்தாள்.

நான் அழுத்த வேண்டியதே இல்லை. சும்மா நின்றால் போதும். அவளே அழுத்துவாள்.

ஒரு மூச்சு சும்மா நின்றேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு நான் ஒன்றை அழுத்தினேன். அவள் கையில் மணி அடித்தது. என் நம்பரைப் பார்த்ததும் கட் செய்தாள். எப்போதும் செய்வதுதான். மறுபடி அழுத்தினேன். கட் செய்தாள். என் மணி அடிக்கிற வரை அவளால் அவனைக் கூப்பிட முடியாது. மறுபடி, மறுபடி. அவள் மேட்டைப் பார்த்து முறைப்பது இங்கிருந்தே தெரிந்தது. கடைசியில் எடுத்துக் கத்தினாள்.

"என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

"மூணாம் நம்பர அமுக்காத ஆத்தா. அவன் வெடிக்குழியில நிக்கிறான், போனோட. மணி அடிச்சா வெடிச்சிரும். பேஸ் பெட்டி பிளக்கப் புடுங்கு. இப்பவே."

அவள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே ஓடினாள். என் போன் "டீ" என்று இழுத்து ஊமையாயிற்று. இனி எந்தப் போனும் எதையும் கூப்பிட முடியாது.

என் போனைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கினேன்.

"யோவ், யாருய்யா ஒன்ன எறங்கச் சொன்னது? குடிச்சிருக்கியா?" என்றான் துரைக்கண்ணு. இரண்டு கையிலும் ஒயர். நான் அவன் இடுப்பிலிருந்து போனை உருவினேன். நாலு எட்டு பின்னால் போய் நின்று, பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக் காட்டினேன்.

"மேஸ்திரி, நீங்க சொன்னது சரிதான். இது செல்லு இல்ல. ஆனா காத்துல பேசுற எல்லாம் கேப்புக்கு ஒண்ணுதான். தெரியாட்டி திருச்சி சாரக் கேளுங்க. உசுரோட இருந்தா."

அவன் என் விரலைப் பார்த்தான். குழிகளைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"பெருசு, வேணாம்யா. நீயும்தான்யா சாவ."

"எனக்கென்ன, எழுதப் படிக்கத் தெரிஞ்சுக்கிட்டேன். போதும். நீ சொல்லு. அன்னைக்கி நான் காட்டுனது என்ன கொடி?"

"அது... பழசெல்லாம் எதுக்கு..."

விரலைக் கொஞ்சம் அசைத்தேன். அழுத்தவில்லை.

"செவப்பு! செவப்புதான்யா!"

"மூக்கனுக்குக் கேக்கணும்."

எங்கள் பள்ளத்தில் ஒரு சொல்லைக் கத்தினால் நாலு பாறையும் திருப்பிச் சொல்லும். துரைக்கண்ணு கத்தினான். செவப்புதான், நான்தான் பாக்காம அமுக்கிட்டேன், ராசு கீழேருந்து "அண்ணே, நில்லுங்க"ன்னு கூப்புட்டான், எனக்குக் கேட்டுச்சு, வெளாட்டுக்குக் கத்துறான்னு நெனச்சேன் என்று எல்லாவற்றையும் கத்தினான். நான் கேட்காததையும் சொன்னான். பாறை மறைவிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக எழும்பின. அவன் தரையில் உட்கார்ந்தான். காக்கிக் கால்சட்டை நனைந்திருந்தது.

மனசு எப்படிக் குளிர்ந்தது என்று எழுத எனக்கு இன்னும் சொற்கள் தெரியவில்லை. டீச்சரிடம் கேட்க வேண்டும்.

போன் ஊமை என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை. மேலே ஏறிய பிறகு, பஞ்சவர்ணத்திடம் கேட்டறிந்து மூக்கன்தான் சொன்னானாம். அப்போது துரைக்கண்ணு வாயைத் திறந்து மூடினானாம், வலையில் விழுந்த கெண்டை மாதிரி.

முதலாளி மத்தியானம் வந்தார். வெடியைக் கழற்ற வேறு குவாரியிலிருந்து ஆள் வந்தார். துரைக்கண்ணுவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். என்னை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார், அப்புறம் யோசித்துச் சொல்கிறாராம். "வயசான காலத்துல இது என்ன வேலை அடைக்கலம்?" என்றார். குரலில் கோபம் கம்மி, பயம் ஜாஸ்தி. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

வைகாசி 10, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. காலையில் பஞ்சவர்ணமும் ராசுவும் வீட்டுக்கு வந்தார்கள். ஐந்து வருடத்தில் முதல் தடவை.

ராசு வாசலிலேயே நின்றான். "மாமா, நான் கத்துனது உண்மைதான். நில்லுங்கன்னு கத்துனேன். அத இவகிட்ட மட்டுந்தான் சொல்லிருக்கேன். நீங்க மேல தூரத்துல இருந்தீங்க, ஒங்களுக்குக் கேட்டிருக்காது. கேட்டவன்தான் சொல்ல முடியும். அவன் பயத்துல புளுகலன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு" என்றான். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பஞ்சவர்ணம் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைப் பார்த்தாள். "இதுலயா சோறாக்குற? எத்தன நாளு கழுவல?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே கழுவினாள். கழுவிக்கொண்டே அழுதாள். "அப்பா, உப்பு எங்க?" என்று கேட்டாள்.

அப்பா என்றாள். இந்தச் சொல்லை நான் எத்தனையோ முறை எழுதிப் பழகியிருக்கிறேன். காதில் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது.

சாப்பிட்டோம். ராசு வெளியே கட்டிலில் படுத்தான். அவள் தட்டுகளை அடுக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலைத் தடவினாள்.

"ஏம்ப்பா, இதுக்கு முந்துன ரெண்டு வெள்ளிக்கெழமையும் அவரு போன வச்சிக்கிட்டுதான எறங்குனாரு?"

"ஆமா."

"ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"மொத தடவ சொன்ன, சிரிச்சாய்ங்களாம். மூக்கண்ணன் சொன்னாரு. அப்புறம் ஏன் சொல்லல? மொதலாளிகிட்டச் சொல்லிருக்கலாம்ல? திருச்சி சாரு வந்து மோரு குடிச்சிட்டுத்தான போனாரு, அவருகிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

அவள் என் விரலை விடவில்லை.

"முந்தாநாளு நான் வெளிய வராம இருந்திருந்தா, நீ என்னப்பா பண்ணிருப்ப?"

வெளியே ராசு இருமினான். அவள் எழுந்து அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். காத்திருந்தாள். இருட்டுமுன் கிளம்ப வேண்டும் என்று ராசு கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். "யோசிச்சுச் சொல்லு. அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்" என்றாள்.

துரைக்கண்ணுவை நான் மன்னிக்கவில்லை. அவன் கால்சட்டையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அதெல்லாம் சுலபமாக எழுத வருகிறது. அவள் கேட்டதற்குப் பதில் மட்டும் ஒரு எழுத்துகூட வரவில்லை. அவளிடம் சொல்வதற்கு முன் இதில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு காலையில், அவள் வருமுன், எழுதிவிடுகிறேன்.